இன்று வீட்டுப்பாடம் முடிக்காதவர்கள்

கல்பாக்கம் போகும் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கும் ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர் நான். முப்பத்தெட்டுப் பிள்ளைகள், முப்பத்தெட்டு நோட்டுகள், போதாக்குறைக்குப் பெற்றோர் வாட்ஸ்அப் குரூப் ஒன்று. தினமும் மாலை நாலு மணிக்கு அதில் ‘இன்று வீட்டுப்பாடம் முடிக்காதவர்கள்’ என்று தலைப்பிட்டுப் பெயர்களை வரிசையாகப் போட வேண்டும். பள்ளியின் உத்தரவு. அலுத்துக்கொண்டேதான் செய்வேன், ஆனால் ஒருநாள்கூடத் தவறவிட்டதில்லை. அந்தச் சமர்த்தை நினைத்தால் இப்போது எனக்கே எரிச்சலாக வருகிறது.

பெரும்பாலான பெற்றோர் பட்டியலைப் பார்ப்பதோடு சரி. ஓர் அப்பா மட்டும் உடனே கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டு, ‘நன்றி டீச்சர், பாத்துக்கிறேன்’ என்று எழுதுவார். கம்பெனி பஸ் ஓட்டுபவர். மகளைச் சேர்க்க வந்த அன்றே, “கண்ண மட்டும் வுட்டுட்டு மிச்சத்த உரிச்சிடுங்க டீச்சர், நான் இன்னான்னு கேக்க மாட்டேன்” என்றார். எல்லாரும் சொல்வதுதானே என்று நானும் சிரித்தேன். இவரைப் போல நாலு பேர் இருந்தால் வகுப்பு உருப்பட்டுவிடும் என்று ஸ்டாஃப் ரூமில் சொல்லியும் இருக்கிறேன்.

மகள் கொஞ்சம் மெதுவாக எழுதுகிறவள். வாரத்தில் மூன்று நாளாவது பட்டியலில் வந்துவிடுவாள். சாயங்காலம் வேனுக்கு நிற்கும் வரிசையிலிருந்து ஓடிவந்து, “மிஸ், இன்னிக்கு குரூப்ல என் பேர் போடுவீங்களா?” என்பாள். “ஒழுங்கா எழுதினா நான் ஏன்டி போடப்போறேன்?” என்பேன். விடாமல் தினமும் கேட்பாள். சரியான தொணதொணப்பு என்று நினைத்துக்கொள்வேன்.

ஐப்பசி மழையில் ஒருநாள் காலையில், வேனிலிருந்து இறங்கி வகுப்புக்கு வருவதற்குள் தொப்பலாக நனைந்துவிட்டாள். அலமாரியில் பழைய யூனிஃபார்ம் சட்டை ஒன்று இருந்தது. மாற்றிவிடக் கூப்பிட்டால் வரமாட்டேன் என்று சுவரோடு ஒட்டிக்கொள்கிறாள். அதட்டித்தான் கழற்றினேன். முதுகு முழுக்க ஒயர் தடம். ஆறிப்போனது, ஆறிக்கொண்டிருப்பது, புதிது. “யாரும்மா?” என்று கேட்டேன்.

“நேத்து என் பேர் வந்துச்சுல்ல மிஸ்” என்றாள்.

என்மேல் குறை சொல்லும் குரலே இல்லை அது. விவரம் சொல்கிற குரல்.

நேராகத் தலைமை ஆசிரியையிடம் போனேன். “வீட்டு விஷயம்மா அது. குடிச்சிட்டு அடிக்கிறவரா? படிக்கலன்னு கண்டிக்கிறார். நாம உள்ள போனா நாளைக்கு ஸ்கூல் பேர்தான் கெடும்” என்றார். பக்கத்து வகுப்பு டீச்சர், “எங்கப்பா அடிக்காத அடியா? நாம நல்லா வரலையா?” என்றாள். இருவருமே கெட்டவர்கள் இல்லை. அதுதான் ஆயாசமாக இருந்தது. குழந்தைகளுக்கான உதவி எண்ணுக்குப் போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. எனக்கும் பயம்தான்.

அதற்குப் பதில் நான் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். அன்று பட்டியலில் அவள் பெயரை விட்டுவிட்டேன். அரைமணி நேரத்தில் அவள் அப்பாவிடமிருந்து தனியாகச் செய்தி வந்தது: ‘இன்னிக்கு பாப்பா முடிச்சிட்டாளா டீச்சர்?’ ‘முடித்துவிட்டாள், அருமை’ என்று பொய் எழுதினேன். மறுநாளும் எழுதினேன். மூன்றாம் நாள் அவளுடைய நோட்டைப் படம் எடுத்து அனுப்பினார், பாதிப் பக்கம் காலி. ‘முடிக்கவே இல்லியே டீச்சர். என்னை ஏமாத்துறாளா, உங்களையா?’

அடுத்த நாள் அவள் பெஞ்சில் உட்காரவில்லை. நின்றுகொண்டே எழுதினாள். அப்போதுதான் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் முறையாகத்தான் நடந்தது. அதிகாரிகள் வந்து பார்த்தார்கள், டாக்டரிடம் காட்டினார்கள், செங்கல்பட்டில் குழந்தைகள் நலக் குழுவின் அறையில் எங்கள் எல்லாரையும் உட்கார வைத்தார்கள். மகாபலிபுரம் பக்கம் ரிசார்ட்டில் வேலை செய்யும் அவள் அம்மா, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் வந்திருந்தார். “நான் குறுக்க போனா எனக்கும் சேத்து வுழும் மேடம்” என்று தரையைப் பார்த்துச் சொன்னார். அப்பா கத்தவில்லை. போனை எடுத்து விசாரித்த மேடத்தின் முன்னால் வைத்தார்.

“நானா சொல்றேன்? டீச்சரே தெனம் போட்டுகினு கீறாங்க, பாருங்க மேடம். பொண்ணு படிக்கணும்னு கண்டிச்சேன். அத்த தப்புன்றீங்களா?”

அந்த மேடம் கட்டைவிரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே போனார். ஜூன் வரைக்கும் போனார். “இதெல்லாம் நீங்க போட்டதா?” என்றார். “ஆமா மேடம்” என்றேன். என்னைத் திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை. அடித்தது தப்புதான் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தார். வெளியே பெஞ்சில் இன்னும் இரண்டு குடும்பங்கள் காத்திருந்தன.

அப்பாமேல் வழக்கு. பிள்ளை இப்போதைக்கு ஊரப்பாக்கத்தில் பெரியம்மா வீட்டில் இருக்க வேண்டும். அதுதான் முடிவு. இனிமேல் பட்டியல் போட மாட்டேன் என்று பள்ளியில் சொல்லிவிட்டேன். யாரும் சண்டைக்கு வரவில்லை. இப்போது ஆபீசிலிருந்து நாலு மணிக்குப் போடுகிறார்கள்.

ஒரு வாரம் கழித்து, ஊரப்பாக்கத்துப் பள்ளியில் சேர்க்க டி.சி. வாங்கப் பெரியம்மா அவளை அழைத்துக்கொண்டு வந்தார். நல்ல மாதிரி, அவள் தலையை நன்றாக வாரிப் பின்னிவிட்டிருந்தார். நான் குனிந்து அவள் கன்னத்தைத் தொட்டேன். மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்தேன், எட்டு வயதுப் பிள்ளையிடம் எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை. அவள்தான் கேட்டாள்.

“மிஸ், அந்த ஸ்கூல்லயும் குரூப் இருக்குமா?”

இருக்கும் என்று சொல்ல வாய் வரவில்லை. இருக்காது என்று இன்னொரு பொய் சொல்லவும் தெம்பில்லை. நான் முழிப்பதைப் பார்த்துப் பெரியம்மாவே சந்தோஷமாகச் சொன்னார்:

“இல்லாமயா? நேத்தே என் நம்பர சேத்துட்டாங்களே கண்ணு.”

அவள் பெரியம்மாவின் கையிலிருந்த போனைப் பார்த்தாள். பிடித்திருந்த அவர் விரலை மெல்ல விட்டாள்.