குருமூர்த்தி வீட்டுக் கொலுவில் நின்ற கப்பல்

லேக் மார்க்கெட்டில் எங்கள் பக்கத்து வீட்டுக் குருமூர்த்தி, துறைமுகத்தில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஹூக்ளி ஆற்றில் சுற்றுலாக் கப்பல் வந்து நிற்கும் நாட்களில், கிதிர்ப்பூர் துறைமுகப் பக்கம் உள்ள, ஒப்பந்தக் கூலிகளைப் பற்றிய சிறிய அருங்காட்சியகத்தைப் பயணிகளுக்குச் சுற்றிக் காட்டுவார். முதியவர்களின் சக்கர நாற்காலியைத் தள்ள நான் போவேன். பராமரிப்பு வேலைக்குப் பயிற்சி எடுத்தவள்.

நன்றாகவே சொல்வார். ஆப்பிரிக்க அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்ட முதலாளிகள் இங்கே ஆள் பிடிக்க வந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் கைநாட்டு வாங்கிக் கப்பலேற்றினார்கள் என்பார். வாங்கியது யார் என்று கேட்டால், ‘ஒரு குமாஸ்தா’ என்பதோடு சரி.

போன நவராத்திரியின்போது சுரினாமிலிருந்து எண்பது வயதுப் பெண்மணி ஒருவர் வந்தார். அவருடைய அம்மாவைப் பெற்றவள் 1913-இல் இங்கிருந்து போனவள். அருங்காட்சியகத்தில் இருக்கும், கப்பலேறியவர்களின் பெயர்ப் பதிவேட்டின் முன்னால் அழுதுகொண்டிருந்தார். மனம் கேட்காமல் குருமூர்த்தி, கொலு பார்க்க வாருங்கள் என்று வீட்டுக்கு அழைத்துவிட்டார். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நானும் போனேன்.

ஐந்தாம் படியில் மரக்கப்பல். அதன் முன்னே மூட்டையோடு வரிசையாகப் பொம்மைகள். மேஜை போட்டு உட்கார்ந்திருக்கும் தலைப்பாகைப் பொம்மை. குருமூர்த்தியின் மனைவி வசந்தி வெற்றிலை பாக்கு கொடுத்துவிட்டு, வருகிறவர்களிடமெல்லாம் சொல்வதை ஆங்கிலத்தில் சொன்னாள்: இவருடைய தாத்தா ஆயிரக்கணக்கானவர்களைக் கடல் கடந்து பிழைக்க அனுப்பியவர்.

அந்த அம்மாள் குருமூர்த்தியைப் பார்த்துக் கேட்டார்: “காலையில் நீங்கள் சொன்ன குமாஸ்தாவா?”

வசந்திக்கு அப்போதுதான் உறைத்தது. “தாத்தா வேற ஆபீஸ்னு சொல்லிடுங்கோண்ணா” என்றாள், தமிழில், மெதுவாக.

“இல்ல வசந்தி” என்றவர், அந்த அம்மாளிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: “ஆமாம். அவரேதான். காலையிலேயே சொல்லியிருக்க வேண்டும்.”

அந்த அம்மாள் வெற்றிலை பாக்கைத் தட்டிலேயே திரும்ப வைத்தார். போகலாம் என்று எனக்குக் கை காட்டினார். நாற்காலியை வாசலுக்குத் தள்ளினேன். நானும் முப்பது நவராத்திரியாக அந்தக் கப்பலுக்கு முன்னால் சுண்டல் தின்று, நன்றாயிருக்கிறது என்று சொன்னவள்.

அடுத்த கப்பல் டிசம்பரில் வந்தது. போகமாட்டார் என்று நினைத்தேன். போனார். பதிவேட்டின் முன்னால் நின்று சொன்னார்: “இதை எழுதியது என் தாத்தா. நாங்கள் வீட்டில் அதைப் பொம்மையாக வைத்துக் கொண்டாடினோம்.”

அதிலிருந்து ஒவ்வொரு முறையும் சொல்கிறார். சொல்லிவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் அடுத்த அறைக்கு நடக்கிறார். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நானும் போகிறேன்.