சாதாவா, ஹையரா

அறுபத்தெட்டாம் வருடம், தீவில் டாலிகஞ்ச் என்ற ஊரில் கிளாராவுக்குப் பதினாறு வயது. அவள் அப்பா சிலுவைராஜின் வலது கையில் மூன்று விரல்களை மர ஆலை ரம்பம் தின்றுவிட்டது. அதோடு வேலையும் போயிற்று. அம்மா மீன் விற்று வந்தால்தான் கஞ்சி. கிளாராவுக்கு ஒரு வேலை கிடைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் குடும்பம் கரை சேராது.

பள்ளிக்கூடத்தில் டிசைன் பாடம் இரண்டு வகை. சாதா என்றால் பூவும் பார்டரும். கண்ணை மூடிக்கொண்டு பாஸாகலாம், வேலைதான் கிடைக்காது. ஹையர் என்றால் கட்டடம் வரைய வேண்டும். பாஸானால் சர்க்கார் ஆபீஸில் பிளான் வரையும் வேலை. ஃபெயிலானாலோ சாதா சர்டிபிகேட்கூட இல்லை. எது வேண்டுமென்று எழுதிய ஃபாரம் சனிக்கிழமைக் கப்பலில் மெயின்லேண்ட் போயாக வேண்டும்.

கிளாரா ஹையர்தான் என்று இருந்தாள். வியாழக்கிழமை டிராயிங் மாஸ்டர் கிருஷ்ணமூர்த்தி ஒரு பழைய கேள்வித்தாளைக் கொடுத்து வரைந்து பார்க்கச் சொன்னார். சின்ன ரயில் நிலையத்துக்கு ஒரு காத்திருப்பு அறை. ரயிலே இல்லாத தீவிலும் பிள்ளைகள் பரீட்சை எழுதுவார்கள் என்பது அந்தக் கேள்வியை எழுதின புண்ணியவானுக்குத் தோன்றவே இல்லை.

கிளாரா பிறந்ததே இங்கேதான். பயணம் என்றால் அவளுக்குக் கப்பல். கப்பல் வரும்வரை இரண்டு நாள் படுத்துக் கிடக்க நீள மேடைகள், கஞ்சி காய்ச்ச அடுப்பு, அம்மை ஊசி போட மேசை, கடைசியில் ஏறிப்போக ஏணி என்று கோடு பிசகாமல் வரைந்தாள். மாஸ்டர் வெகுநேரம் பார்த்தார். நல்ல மனுஷர், சிரிக்கவில்லை.

"கோடு அருமையா இருக்கும்மா. ஆனா ரயில் தினமும் வரும். யாரும் அங்கே ரெண்டு நாள் படுத்துக் கிடக்கமாட்டாங்க."

"தினமுமா சார்?"

அவர் தலையாட்டினார். இன்னும் என்னென்ன தனக்குத் தெரியாதோ என்று அவள் கேள்வித்தாளைத் திரும்பத் திரும்பப் படித்தாள். கேட்கலாமென்றால் ஆளில்லை. மெயின்லேண்டில் கப்பலேற அப்பா ரயிலில் வந்தது ஒரே தடவை, அதுவும் கூட்டத்தில் நின்றபடி தூங்கிக்கொண்டு. பள்ளியிலிருந்து வரும் வழியெல்லாம் கிளாரா அழுதாள். வீட்டுக்கு வந்ததும் ஃபாரத்தில் சாதா என்று எழுதினாள்.

அப்பாவுக்குக் கைநாட்டுத்தான். அவருடைய இடது பெருவிரலில் அவளே மை தடவினாள்.

"ஹையர்தானட்டி? சர்க்கார் நௌக்ரி, அந்த வேலை பக்காதானே?"

"ஆமாப்பா."

சொன்னவுடன் செத்துவிடலாம் போலிருந்தது. சிலுவைராஜ் கர்த்தரே என்று முணுமுணுத்து, விரலை அழுத்தி உருட்டினார். காகிதத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நல்லா விழுந்திருக்கா மக்ளே? இல்ல, இன்னொரு தரம் வைக்கட்டா?"