பல்லி சொல்லாமல் கையெழுத்தில்லை

பேனாவை மையில் தோய்த்து எடுத்தாகிவிட்டது. காகிதத்துக்கு மேலே நாலு விரற்கடை உயரத்தில் அது நிற்கிறது. பஞ்சாயத்து போர்டு அங்கத்தினர்கள் ஐந்து பேரும் அண்ணாந்து விட்டத்தைப் பார்க்கிறார்கள். ஈசான்ய மூலையில் ஒரு பல்லி உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கிறது. பேனா முனையில் மை திரண்டு சொட்டப் பார்க்கிறது. பல்லி 'த்சு த்சு' என்றதும் போர்டுத் தலைவர் மருதாசலக் கவுண்டர் இடது கை நடுவிரலை மடக்கி மேஜையில் மூன்று தட்டுத் தட்டி, "சரீங்க" என்று அதற்குப் பதில் சொல்லிவிட்டுக் கையெழுத்தைப் போடுகிறார்.

பல்லியை இந்தப் பக்கத்தில் கவுளி என்பார்கள். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கவும் காட்டில் விதை போடவும் கவுளி வாக்குக் கேட்பது எங்கும் உண்டு. தெருவிளக்குக்கு மண்ணெண்ணெய் வாங்கும் தீர்மானத்துக்குக் கேட்கிறவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான். கலெக்டரைப் பற்றிப் பேசும்போது கவுண்டர் 'அவன்' என்பார். பல்லிக்கு 'அவிங்க'. "அவிங்க சொல்லாம எப்படீங்க? தெக்குப் பக்கமாச் சொல்லீட்டாங்கன்னா அது ஆகாதுங்க. பேசாம எந்திரிச்சுப் போயிரோணும்" என்பார். பல்லிகளுக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்று எட்டு வருஷமாக ஆபீஸுக்கு வெள்ளை அடிக்கவில்லை.

ஐம்பத்தாறு வயது, ஒடிசலான உடம்பு, காதோரம் மட்டும் நரை. காட்டில் வெறுங்காலோடு முள்ளை மிதிப்பவர், ஆபீஸுக்கு வரும்போது மட்டும் ஊரை ஒட்டிய ராணுவக் காம்ப்பில் கிடைத்த பட்டாளத்து பூட்ஸைக் கயிறு கட்டாமல் இழுத்துக்கொண்டு வருவார். வலது இடது பேதம் பார்ப்பதில்லை. அவருடைய எருதுகள் மூன்று வருஷம் காம்ப்புக்கு விறகு இழுத்தவை. 'ஓ' என்றால் அவை திரும்பிக்கூடப் பார்க்காது. சிப்பாய் மாதிரி "ஆல்ட்" என்றால் நட்டு வைத்தாற்போல் நிற்கும். இதில் கவுண்டருக்கு ரொம்பப் பெருமை.

அவருடைய மனுக்களை இங்கிலீஷில் எழுதிக் கொடுக்கும் பாக்கியம் எனக்கு வாய்த்தது. நான் சுண்டக்காட்டூர் போஸ்ட்மாஸ்டர். காம்ப்புக்காகத் திறந்த போஸ்டாபீஸ் என்பதால், காம்ப் போனால் நானும் மூட்டை கட்ட வேண்டியவன். ஆகவே இந்த விஷயத்தில் நான் நடுநிலைமை வகிப்பதாக யாரும் நம்பி ஏமாற வேண்டாம்.

நாற்பத்திரண்டில், ஜப்பான்காரன் வந்துவிடுவான் என்ற பீதியில், மல்லசமுத்திரத்துக்கு மேற்கே எங்கள் ஊர்க் கரட்டுக் குன்றை ஒட்டிய புறம்போக்கை ராணுவம் வளைத்துக் கம்பிவேலி போட்டது. முதல் ஆட்சேபணை மனு கவுண்டருடையது. பூட்ஸ் சத்தத்தில் எருமைகள் பாலை அடக்கிக்கொள்ளும். ஊதுகுழல் சத்தத்தில் கோழிகள் அடையை விட்டு ஓடிவிடும். சிப்பாய்கள் ஜில்லாவில் உள்ள ஆடுகளை எல்லாம் தின்று தீர்த்துவிடுவார்கள். இப்படிப் பதினோரு காரணம். பல்லியும் ஆமோதித்தது. ஆனாலும் காம்ப் வந்துவிட்டது.

யுத்தம் முடிந்தது. காம்ப்பை மூடப்போவதாக இந்த வருஷம் தை மாதம் உத்தரவு வந்தது. மறுநாளே கவுண்டர் என்னிடம் வந்து நின்றார். அதே பதினோரு காரணம், தலைகீழாக. பூட்ஸ் சத்தம் கேட்காவிட்டால் எருமை பால் சுரக்காது. ஊதுகுழல் ஊதாவிட்டால் கோழி பரணை விட்டு இறங்காது. ஆடு வளர்க்கிறவன் தின்ன ஆளில்லாமல் திண்டாடுவான்.

"கவுண்டரே, போன தடவை நாமே இதற்கு நேர்மாறாக எழுதியிருக்கிறோமே" என்றேன்.

"நாலு வருசமாச்சுங்களே சாமி. நானே மாறீட்டேன். கோழி மாறியிருக்காதுங்களா?"

போர்டில் எதிர்ப்பு கிளம்பியது. உபதலைவர் சின்னுசாமி, நம் கவுண்டருக்கு மைத்துனர். கதர் கட்டுகிறவர், நூலும் நூற்பவர். அவர் எழுந்து, "ஏனுங்க மாமா, தேசமே வெள்ளைக்காரனை வெளியே போன்னு சொல்லுது. நம்ம போர்டு மட்டும் போகாதேன்னு தீர்மானம் போட்டா நாலு பேரு சிரிக்க மாட்டாங்களா?" என்றார்.

"போகட்டும் மாப்பிளை. ஆரு வேண்டாங்கறா? நெம்ப நல்லாப் போகட்டும். அந்த இஞ்சினை மட்டும் உட்டுட்டுப் போகட்டும்" என்றார் கவுண்டர்.

எருமையும் கோழியும் ஒப்புக்குத்தான். விஷயம் இஞ்சின். காம்ப்பில் பாறையை வெடி வைத்துப் பிளந்து எண்பது அடி ஆழத்துக்குக் கிணறு வெட்டி, எண்ணெய் இஞ்சின் வைத்துத் தண்ணீர் இறைத்தார்கள். வேலிக்கு வெளியே, தொழிலாளர் குடிசைகளை ஒட்டி, ஊர் ஜனங்களுக்கென்று ஒரு பித்தளைக் குழாய் வைத்தார்கள். அதற்கு முன்னால் பங்குனி பிறந்தால் ஊர்க் கிணற்றில் தவளைகூட இருக்காது. பெண்கள் கோழி கூப்பிட எழுந்து இரண்டு மைல் நடந்து, திருமணிமுத்தாற்று மணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் மொண்டு கொண்டுவர வேண்டும். கவுண்டரின் மனைவி சௌந்திரம்மாள் ஒரு வருஷம் இரண்டு குடத்தோடு கரையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு விலகியது. அன்று முதல் இடது பக்கம் சாய்ந்துதான் நடக்கிறார். கவுண்டர் அதைப் பற்றிப் பேசமாட்டார். ஆனால் அந்த அம்மாள் நடந்து வந்தால் அவர் வேறு பக்கம் பார்த்துக்கொள்வதை நான் பலமுறை கவனித்திருக்கிறேன். எனக்கு அவர்மேல் இருக்கும் பிரியத்துக்கு அது ஒன்றுதான் காரணம் என்றுகூடச் சொல்வேன்.

குழாயடியில் வேறொரு விசேஷம் உண்டு. ஊர்க் கிணற்றில் தண்ணீர் இருக்கும் காலத்திலும் குடிசை ஜனங்கள் அதன் கயிற்றைத் தொடக்கூடாது. யாராவது மொண்டு ஊற்றும் வரைக்கும் தள்ளி நிற்க வேண்டும். குழாயில் அந்தப் பாச்சா பலிக்கவில்லை. காவலுக்கு நின்ற சீக்கியச் சிப்பாய் ஒரே வரிசை என்றுவிட்டான். முதல் வாரம் கவுண்டர் வீட்டுக் குடம் முன்னால் போய் உட்கார்ந்தது. சிப்பாய் அதைத் தூக்கிக்கொண்டுபோய்க் கடைசியில், கூலிக்காரி அத்தாயியின் குடத்துக்குப் பின்னால் வைத்தான். கவுண்டர் கொதித்துப்போய் அதற்கும் ஒரு மனுப் போட்டார். பதில் வரவில்லை. மூன்று மாதத்தில் குடங்களுக்குப் பழகிப்போயிற்று. மெல்ல மெல்ல மனிதர்களுக்கும் பழகிவிட்டது. சௌந்திரம்மாள் குனிய முடியாதவர் என்பதால் குடத்தைத் தலைக்குத் தூக்கிவிடுகிறவளே அத்தாயி என்றாகிவிட்டது.

மாசிக் கடைசியில் காம்ப்பைக் காலி செய்கிற காப்டன் மனுவை விசாரிக்க போர்டு ஆபீஸுக்கு வந்தார். மதுரைப் பக்கத்துக்காரர், இளவயது. முந்திய இரண்டு நாளும் கவுண்டர் சேலத்தில் கலெக்டர் ஆபீஸ் வராந்தாவில் தவம் கிடந்துவிட்டு, அன்று காலையில்தான் திரும்பியிருந்தார். உள்ளே நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஆபீஸ் பளபளவென்று இருந்தது. நாலு சுவர், விட்டம், ஈசான்ய மூலை எல்லாம் புதுச் சுண்ணாம்பு.

"பெரிய ஆபீசர் வாராருங்களே மாமா. அழுக்காக் கிடந்தா நல்லாவா இருக்கும்?" என்றார் சின்னுசாமி. கவுண்டர் பல்லியைத் தேடி விட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

காப்டன் இரண்டு மனுக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். எருமை வந்த இடத்தில் அவருடைய மீசை லேசாக ஆடியது.

"தலைவரே, இதில் எது உண்மை?"

"ரெண்டும் உண்மைதானுங்க. வரும்போது ஒரு கஷ்டம். போகும்போது ஒரு கஷ்டம்."

காப்டன் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார். காம்ப் மூடுவது மூடுவதுதான். ஆட்சேபணை பைலில் இருக்கிறவரை ஒரு ஆணியைக்கூட உள்ளூரில் கொடுக்க முடியாது. இஞ்சின் நாளைக் காலையில் சங்ககிரியில் ரயிலேறிவிடும். 'எங்களுக்கு ஆட்சேபணை இல்லை' என்று போர்டு இப்போதே எழுதிக் கொடுத்தால் இஞ்சின், தொட்டி, குழாய் எல்லாம் போர்டுக்கு. ஆனால் இருக்கிற இடத்தில், இருக்கிறபடி. இத்தனை நாள் தண்ணீர் எடுத்த எல்லோரும் எடுக்க வேண்டும். குழாயை நகர்த்தினால் சர்க்கார் திரும்ப எடுத்துக்கொள்ளும். டைப் அடித்த காகிதத்தை மேஜைமேல் வைத்தார். அரை மணி நேரத்தில் அவருடைய ஜீப் கிளம்பியாக வேண்டும்.

அங்கத்தினர்கள் முகத்தில் ஈயாடவில்லை. இஞ்சின் கிடைத்தால் குழாயைக் கோயில் வீதிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று அவர்கள் ஒரு மாதமாகக் கணக்குப் போட்டிருந்தார்கள். சின்னுசாமிதான் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"காம்ப்பு இருந்த வரைக்கும் சரீங்க, துப்பாக்கிக்குப் பயந்து நின்னோம். இனி நம்ம பொண்டு புள்ளைக காலமெல்லாம் அந்த வரிசையிலயே நிக்கோணுமுங்களா? ரோசனை பண்ணோணும்."

காந்தி குல்லாய் அவர் தலையில் அப்போதும் நேராகத்தான் இருந்தது.

ஜன்னலுக்கு வெளியே குடிசைப் பெண்கள் வெறுங்குடத்தோடு நின்றிருந்தார்கள். அன்று இஞ்சினை நிறுத்தியிருந்தார்கள். அத்தாயி கம்பியைப் பிடித்துக்கொண்டு, "சாமீ, வாற பங்குனிக்கு நாங்க எங்கீங்க போறது? மறுக்காவும் ஆத்துக்கா?" என்று கேட்டாள். அவளுக்குப் பக்கத்தில், இடது பக்கம் சாய்ந்து, சௌந்திரம்மாள் நின்றிருந்தார்.

கவுண்டர் பேனாவை மையில் தோய்த்தார். காகிதத்துக்கு மேலே நாலு விரற்கடையில் கொண்டுவந்து நிறுத்தினார். எல்லோரும் அண்ணாந்தார்கள். எட்டு வருஷத்துப் பழக்கம்; காப்டனும் என்னவோ ஏதோவென்று அண்ணாந்தார். சுண்ணாம்பு வாடையைத் தவிர மேலே ஒன்றும் இல்லை. காப்டன் கடிகாரத்தைப் பார்த்தார். வாசலில் ஜீப் உறுமத் தொடங்கியது.

"கவுளி சொல்லலீங்களே மாமா" என்றார் சின்னுசாமி, வெகு பணிவாக. "அவிங்க சொல்லாம நீங்க ஒரு நாளும் கையெழுத்துப் போட்டதில்லை. சகுனம் சரியில்லீங்க. எந்திரிச்சுப் போயிரலாம்."

கவுண்டர் அவரைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார், இந்தத் தடவை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. பிறகு வெள்ளை வெளேரென்று கிடந்த ஈசான்ய மூலையை நிமிர்ந்து பார்த்து, இடது கை நடுவிரலை மடக்கி மேஜையில் மூன்று தட்டுத் தட்டி, "சரீங்க" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்தைப் போட்டார்.