கேக்கு குலுங்காத வண்டி

வித்துராவில் சபை ஹாலின் சமையற்கட்டில் வைத்து அட்டைப்பெட்டியைத் திறந்தபோது, மூன்றடுக்குக் கல்யாணக் கேக்கின் நடு அடுக்கு வெடித்திருந்தது. மேல்பூச்சு ஒரு பக்கமாகச் சரிந்து உள்ளிருந்த பழுப்பு நிறம் வெளியே தெரிந்தது. மணமகளின் அம்மா பின்னாலேயே வந்து நின்றதால் கேக்கு செய்து கொண்டுவந்த ஜெயபாய் திடுக்கிட்டதைக்கூட மறைத்துக்கொண்டாள்.

"இது என்ன ஜெயபாய், இப்பிடி இரிக்கு?"

"கொஞ்சம் நேரம் தாருங்க. ஒரு ஆளுக்கும் தெரியாது."

கையோடு கொண்டுபோகும் டப்பாவில் மிச்சக் கிரீம் இருந்தது. வெடிப்பின்மேல் ரோஜாக்களாகப் பிழிந்து, ஒரு கொடியைக் கீழடுக்கு வரைக்கும் இறக்கிவிட்டாள். போட்டோ எடுக்க வந்தவர் அந்தக் கொடியைத்தான் கிட்டே போய்ப் போய் எடுத்தார். மணமகளின் அம்மா சிரித்த முகத்தோடு பிரியாணிப் பொட்டலம் கொடுத்து அனுப்பினாள். கேக்கில் கோளாறு இல்லை என்று ஜெயபாய்க்குத் தெரியும். வரும் வழியில் நெடுமங்காட்டைத் தாண்டியதிலிருந்தே காரின் இடது முன்சக்கரம் குழிக்குக் குழி 'கடக்' 'கடக்' என்று தட்டிக்கொண்டு வந்திருந்தது.

ஜெயபாய் பாறசாலையில் பிறந்தவள். ஞானசிகாமணிக்கு வாழ்க்கைப்பட்டு நேமத்துக்கு வந்தாள். அவர் மின்வாரியத்தில் லைன்மேன். அவள் பாலராமபுரத்தில் ஒரு பேக்கரியில் பில் போட உட்கார்ந்தாள். பில் போட்ட நேரம் போக மற்ற நேரமெல்லாம் உள்ளே எட்டிப் பார்த்து, மாவு எப்படிக் கலக்குகிறார்கள், சர்க்கரைப் பூச்சு எந்தப் பதத்தில் நிற்கிறது என்பதையெல்லாம் படித்துக்கொண்டாள். பேக்கரிக்காரர் கடையை மூடிக்கொண்டு மகனிடம் போனபோது, அவருடைய பழைய அடுப்பை வாங்கி வீட்டுப் பின்கட்டில் வைத்தாள். முதலில் பிறந்தநாள் கேக்கு, பிறகு ஞானஸ்நானத்துக்கு, பிறகு கல்யாணத்துக்கு. ஆட்டோவில் ஞானசிகாமணி கேக்கை மடியில் வைத்துக்கொண்டு போவார். ஒருமுறை அவருடைய வெள்ளைச் சட்டையிலேயே கேக்கில் எழுதிய 'ஹாப்பி' பதிந்துபோனது. அதற்குப் பிறகுதான் அவள் நாற்பது வயதைத் தாண்டிக் கார் ஓட்டப் படித்தாள்.

வாங்கியது ஒரு வெள்ளை மாருதி எண்ணூறு. எண்பதுகளின் கடைசியில் வந்த வண்டி. ஒரு டாக்டர் வைத்திருந்து, வாரத்துக்கு ஒருமுறை துடைத்து, எங்கும் ஓட்டாமல் காத்தது. பின்சீட்டை மடக்கிப்போட்டு, மேலே ஒரு பிளைவுட் பலகையும் அதன்மேல் ரப்பர் விரிப்பும் போட்டால் மூன்றடுக்குக் கேக்கு அளவெடுத்தது மாதிரி உட்காரும். கரமனையின் ஒடுக்கமான தெருக்களிலும் நுழையும், மலையிலும் ஏறும். டாக்டர் எங்கும் ஓட்டாத வண்டி ஜெயபாயிடம் வந்த பிறகு போகாத கல்யாண வீடு இல்லை.

வித்துராவிலிருந்து திரும்பிய மறுநாள் பாப்பனங்கோட்டில் ஷாஜியின் வொர்க்ஷாப்புக்குப் போனாள். ஷாஜி வண்டியைத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிக் காண்பித்தான். சக்கரம் ஆடிற்று.

"சேச்சி, லோயர் ஆர்ம் ரெண்டும் போயி. புஷ் எல்லாம் பொடிஞ்சு கெடக்கு. ஷாக் அப்சார்பரும் ஒழுகுது. ஓணம் கழியட்டும், செய்து தரேன். இப்போ பாத்தியளா, வண்டி நிறுத்த இடமில்ல."

"ஓணத்துக்கு முந்தி எனக்கு எத்தன ஆர்டர் இரிக்கு தெரியுமா ஷாஜி?"

"அப்போ வேற வண்டி எடுக்கணும், கேட்டோ. இதுக்கு வயசு எத்தனையாச்சு?"

வீட்டுக்கு வந்து சொன்னபோது ஞானசிகாமணியும் அதையே சொன்னார். ஓய்வு பெற்ற பிறகு அவருக்குச் செய்தித்தாளில் புதுக் கார் விளம்பரம் பார்ப்பது ஒரு வேலை. ஜெயபாய் தேங்காய் துருவினாள். துருவி முடித்துவிட்டுச் சொன்னாள்:

"நம்மளே செய்யலாம்."

"யாரு? நீயா?"

"நீங்களுந்தான். போஸ்டுமேல ஏறி நின்னு எத்தன நட்டு முறுக்கியிருக்கிய. இது தரையில கெடக்கிய நட்டாக்கும்."

போஸ்டில் ஏறப் பயப்படாத அந்த மனிதருக்கு ஜாக்கி போட்டுத் தூக்கிய காருக்கடியில் படுக்கப் பயம். ஷாஜியிடம் இரும்பு ஸ்டாண்டு இரவல் வாங்கி, அதற்குப் பக்கத்தில் தடிக்கட்டையும் அடுக்கி, வண்டியைத் தள்ளித் தள்ளிப் பார்த்த பிறகுதான் குனிந்தார்.

சாமான் வாங்கச் சாலைக் கடைத்தெருவுக்குப் போனார்கள். அங்கே ஒரு சந்துக்குள் கோமதிநாயகத்தின் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. திருநெல்வேலியிலிருந்து வந்த குடும்பம். மலையாளத்தில் பேரம் பேசிவிட்டுத் தமிழில் அலுத்துக்கொள்வார். அவர் வேறு வேறு கம்பெனியின் இரண்டு லோயர் ஆர்மை எடுத்து மேசைமேல் வைத்தார். முன்சக்கரத்தை அடியிலிருந்து தாங்கிப் பிடிக்கும் இரும்புக் கை அது. சக்கரத்தோடு சேரும் நுனியில் பந்துபோல் திரும்பும் ஒரு மூட்டு, வண்டி உடம்போடு சேரும் நுனியில் ரப்பர் புஷ்.

"ரெண்டும் பாக்க ஒண்ணுபோலத்தான் இருக்கும். தூக்கிப் பாருங்க தங்கச்சி."

ஜெயபாய் இரண்டு கையிலும் ஒவ்வொன்றாக ஏந்தினாள். வெண்ணெய்க் கட்டியைக் கையால் தூக்கியே எடை சொல்பவள் அவள். "இது கனம்" என்று வலது கையில் இருந்ததை வைத்துக்கொண்டாள். அதே மாதிரி இன்னொன்று, இரண்டு ஷாக் அப்சார்பர், குறுக்கே போகும் வளைந்த கம்பிக்கான ரப்பர்கள், நட்டு கழலாமல் தடுக்க ஒரு பொட்டலம் ஸ்பிளிட் பின். கோமதிநாயகம் கணக்குப் போடும்போது, "வீட்டுக்காரருக்கு வொர்க்ஷாப்பா?" என்று கேட்டார்.

"இல்ல, எனக்குக் கேக்கு" என்றாள் ஜெயபாய். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

கழற்றத்தான் பாடுபட்டார்கள். முப்பது வருஷத் துருவும் சேறும் போல்ட்டுகளைக் கல்லாக்கியிருந்தன. டீசலும் எண்ணெயும் விட்டு ஊறவைத்தார்கள். மறுநாள் ஞானசிகாமணி ஸ்பேனரில் ஒரு நீளக் குழாயைச் செருகி அழுத்தினார். போல்ட் 'கிறீச்' என்று கத்திக்கொண்டு அசைந்தபோது, அடுத்த வீட்டு லிபி என்னவோ ஏதோ என்று மதில்மேல் எட்டிப் பார்த்தாள். அந்த போல்ட் கழன்று வந்த பிறகு ஞானசிகாமணிக்கு ஒரு வேகம் பிடித்துக்கொண்டது. சாப்பிடக் கூப்பிட்டாலும் வருவதில்லை.

ஸ்பிரிங்கை அழுத்தி ஷாக் அப்சார்பரை மாற்றுவதை மட்டும் அவர்கள் தொடவில்லை. அழுத்திக் கட்டிய ஸ்பிரிங் தெறித்தால் ஆளைக் கொன்றுவிடும். கழற்றிய பாகத்தைக் கூடையில் வைத்து ஷாஜியிடம் கொண்டுபோனார்கள். அவன் அதற்கான கருவியில் மாட்டி, டீ குடிக்கும் நேரத்தில் மாற்றிக் கொடுத்தான். மற்றதெல்லாம் வீட்டில்தான். கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டினார்கள். ஞானசிகாமணி, மின்கம்பத்துக்கு அடிக்கும் வெள்ளிப் பெயின்ட் ஒரு டப்பா எங்கிருந்தோ கொண்டுவந்து, வளைந்த கம்பி முழுக்க அடித்தார். "யாரு குனிஞ்சு பாக்கப் போறா?" என்று ஜெயபாய் கேட்டாள். "நான் பாப்பேன்" என்றார். மூட்டின் ரப்பர் உறைக்குள் கிரீஸ் போக மறுத்தபோது, அவள் உள்ளே போய்ப் பழைய ஐசிங் பையைக் கொண்டுவந்தாள். பைக்குள் கிரீஸை நிரப்பி, ரோஜா பிழியும் அதே லாவகத்தோடு அழுத்தினாள்.

வேலை முடிந்த அன்று, ஒரு தட்டு நிறைய சைனா கிராஸ் கடற்பாசியைக் காய்ச்சி உறையவைத்து, பின்பலகையில் வைத்துக்கொண்டு வெள்ளாயணிக் காயல் வரைக்கும் போனார்கள். கேக்கை வைத்துச் சோதிக்க மனசு வரவில்லை. வழியெல்லாம் கடற்பாசி நடுங்கியது, ஆனால் உடையவில்லை. கரையில் வண்டியை நிறுத்தி, தாமரை பார்த்துக்கொண்டே இரண்டு பேரும் தட்டைக் காலி செய்தார்கள்.

ஓணம் நல்லபடியாகக் கழிந்தது. ஐப்பசி மழை தொடங்கியபோதுதான் வண்டி மறுபடி பேச ஆரம்பித்தது. இந்தமுறை 'கடக்' இல்லை. மேடேறி இறங்கும்போதெல்லாம் பழைய கட்டில் மாதிரி முனகல். ஜெயபாய் கீழே டார்ச் அடித்துப் பார்த்தாள். புத்தம்புது ரப்பர் புஷ், விளிம்பில் கிழிந்து தொங்கியது.

"கனம் பாத்துத்தான வாங்குனேன்" என்றாள். கேக்கு வெடித்தபோதுகூட அவளுக்கு இவ்வளவு வருத்தம் வரவில்லை.

ஞானசிகாமணி வண்டியைச் சுற்றி நடந்தார். தள்ளி நின்று பார்த்தார். "ஜெயா, இஞ்ச வா. மூக்கு கொஞ்சம் தூக்கி நிக்குதா?"

நின்றது. டாக்டர் வீட்டிலிருந்து வந்த நாளில் இல்லாத ஒரு நிமிர்வு முன்பக்கத்தில் இருந்தது. அவர் முன்சக்கரங்களைத் தடிப்பலகைகள்மேல் ஏற்றி நிறுத்தச் சொன்னார். பின்சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு, அடியில் படுத்து, உள்பக்கத்து போல்ட்டை மெல்லத் தளர்த்தினார். 'தக்' என்று ஒரு சத்தம். இரும்புக் கை தானாகத் திரும்பி உட்கார, வண்டியின் மூக்கு ஜெயபாயின் கண்முன்னால் தாழ்ந்தது.

"கண்டியா?" அடியிலிருந்து குரல் வந்தது. "நம்ம சக்கரம் அந்தரத்துல தொங்கும்போ முறுக்கிட்டோம். தொங்குன நெலையிலேயே ரப்பர் பிடிச்சுப்போச்சு. வண்டி எறங்கி நின்னதும் அது எந்நேரமும் முறுக்கிப் பிழிஞ்சே நிக்குது. பின்ன கிழியாம என்ன செய்யும்?"

"இது யாரு சொல்லித் தந்தா?"

"யாரும் இல்ல. கம்பி இழுக்கும்போ வெயிலுக்கும் குளிருக்கும் தொய்வு விட்டுத்தான் கட்டுவோம். அது நிக்கப்போற நெலைய நெனச்சுத்தான் கட்டணும். அதே சங்கதிதான்." வெளியே வந்து கையைத் துடைத்தார். "அன்னிக்கே என் புத்தியில ஓடியிருக்கணும்."

ஜெயபாய் சிரித்துவிட்டாள். கோமதிநாயகத்திடம் புதிய புஷ்கள் வாங்கி வந்து, ஷாஜியின் பிரஸ்ஸில் ஏற்றி மாட்டினார்கள். இந்தத் தடவை எல்லா போல்ட்டையும் கையளவுக்குத்தான் முறுக்கினார்கள். வண்டியைப் பலகைமேல் இறக்கி, அதன் பாரம் சக்கரத்தில் விழுந்த பிறகு, அவர் அடியில் படுத்து இறுக்கினார். அவள் கதவுப் பக்கம் நின்று வண்டியை அமுக்கி அமுக்கி விட்டாள். பிறகு சக்கர அலைன்மென்டுக்குப் போனார்கள். அங்கிருந்த பையன்கள் வெள்ளி நிறக் கம்பியைக் குனிந்து பார்த்து ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள். ஞானசிகாமணி வேறு பக்கம் பார்த்தபடி நின்றார்.

கார்த்திகையில் போனக்காடு எஸ்டேட்டிலிருந்து ஒரு போன் வந்தது. நேசமணி என்ற பெரியவருக்கும் அவர் மனைவிக்கும் ஐம்பதாம் கல்யாண நாள். மகன் ஜெயகுமார் பேசினான். "அக்கா, ரோடு கொஞ்சம் சீத்தையாக்கும். கேக்கு வந்து சேருமா?"

"வந்து சேரும்" என்று சொல்லிவிட்டுத்தான் ஜெயபாய் யோசித்தாள். வித்துராவைத் தாண்டினால் காட்டுப்பாதை. பாதிக்கு மேல் ரோடு என்று சொல்லிக்கொள்வதற்கு ஒன்றும் இல்லை.

கேக்கை இரண்டடுக்காகச் செய்தாள். நான் வரவில்லை என்று முதல்நாள் சொன்ன ஞானசிகாமணி, விடிந்தபோது சட்டை போட்டுத் தயாராக நின்றார். காட்டுச் செக்போஸ்டில் ஜெயகுமார் முன்னாலேயே சொல்லி வைத்திருந்தான். அதற்குப் பிறகு கல்லும் பள்ளமும், நடுநடுவே ரோட்டைக் குறுக்கே வெட்டி ஓடும் வெள்ளமும்.

"பைய போ, பைய போ."

"பையத்தான் போவுதேன். நீங்க முன்னால பாருங்க."

அவர் முன்னால் பார்க்கவே இல்லை. முழங்காலை மடக்கித் திரும்பி உட்கார்ந்து, வழிநெடுகப் பெட்டியையே பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு பெரிய பள்ளத்தில் சக்கரம் இறங்கியபோது இருவரும் மூச்சைப் பிடித்தார்கள். 'தொப்' என்று மெத்தையில் விழுந்த மாதிரி ஒரு சத்தம். வண்டி ஒருமுறை குனிந்து நிமிர்ந்து அடங்கியது. வேறு சத்தமில்லை.

"கேட்டியா?" என்றார் அவர்.

"ஒண்ணும் கேக்கல்லியே."

"அதாக்கும் சொன்னேன்."

தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டு முற்றத்தில் பெட்டியைத் திறந்தபோது, பனிமூட்டத்துக்கு நடுவே வெள்ளைக் கேக்கு கீறல் விழாமல் நின்றது. பிள்ளைகள் சுற்றிக்கொண்டார்கள். நேசமணி தொப்பியைக் கழற்றிவிட்டு, "இந்த ரோட்டுல எங்க எலும்பே முழுசா வந்து சேராது" என்றார். அவர் மனைவி வெட்கப்பட்டுக்கொண்டு கத்தியைப் பிடித்தாள். ஜெபம் முடிந்து, பாட்டு முடிந்து, மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டு, ஏலம் போட்ட கட்டன்சாயா குடித்து எழுந்தபோது மூடுபனி தேயிலைக்கு மேலே ஏறிப் போயிருந்தது. ஜெயபாய்க்குக் கிளம்ப மனசில்லை. வண்டியில் சாய்ந்து நின்று, ஞானசிகாமணி ஜெயகுமாரைக் குனியவைத்துத் தன் வெள்ளிக் கம்பியைக் காட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது கிறிஸ்துமஸ் வேலை. பின்கட்டில் பீங்கான் பரணி பரணியாகக் கேக்குக்குப் பழம் ஊறுகிறது. மாதத்துக்கு ஒருநாள் வண்டிக்கடியில் டார்ச் அடித்து ரப்பர் உறையெல்லாம் பார்ப்பது ஞானசிகாமணியின் பொறுப்பு. மழையில் ஓடிவந்தால் சேற்றைக் கழுவிவிடுவதும் அவர்தான். போன ஞாயிறு, ஆராதனை முடிந்து வரும்போது அவர் காதைக் கூர்மையாக்கினார்.

"ஜெயா, பின்னால ஒரு சத்தம். ஷாக் அப்சார்பராயிரிக்கும்."

வீட்டில் நிறுத்தி டிக்கியைத் திறந்தாள். ஜாக்கி கழன்று உருண்டு கிடந்தது. அதை எடுத்து இடத்தில் மாட்டினாள்.

"இவ்வளவுதான்."

அவர் முகம் வாடிவிட்டது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தார்.

"ஆனாலும் ஒருக்க தொறந்து பாக்கிறதுல என்ன கொறஞ்சுபோவுது?"

"கிறிஸ்துமஸ் கழியட்டும்" என்று சொல்லிவிட்டு ஜெயபாய் உள்ளே போனாள். பரணியில் பழத்தைக் கிளறும்போது, வெளியே அவர் ஸ்பேனர் பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது.