திரும்பிப் பார்க்காத கழுதை

கல்யாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் வீடியோ எடுக்கிற நிறஞ்சலா அக்கா ஒரு படம் எடுத்தார். அதில் கதாநாயகன் ஒரு கழுதை. இதைச் சொல்லி முடிப்பதற்குள் ஆட்கள் சிரித்துவிடுவார்கள். சிரிக்கட்டும். அந்தப் படத்தை எடிட் செய்தவன் நான், பெயர் எமில். சிரிக்கிறவர்களோடு சண்டை பிடித்தே எனக்குத் தொண்டை கட்டிப்போனது. அக்காவோ ஒருவரோடும் சண்டை பிடிக்கவில்லை. அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்.

அக்கா தலைமன்னார் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர். படிப்பு முடிந்து மன்னார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஃபோட்டோகொப்பிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். முதலாளி ஆசைப்பட்டு வாங்கிவைத்த வீடியோ கமராவைத் தொட ஒருவரும் துணியவில்லை. அக்கா தொட்டார், பிறகு கீழே வைக்கவே இல்லை. இன்றைக்குக் கடையே அவருடையது. ஸ்கூட்டியில் முன்னுக்குக் கமராப் பை, பின்னுக்கு ஸ்ராண்ட், அதற்கும் பின்னால் திட்டிக்கொண்டே நான். முருங்கன் முதல் தலைமன்னார் வரைக்கும் நாங்கள் போகாத கல்யாண வீடு இல்லை.

எங்கள் தொழிலில் எல்லோருமே இயக்குநர்கள். பொம்பிளையின் தாய் வந்து நின்று, மாப்பிள்ளை பக்கத்து ஆட்களைக் குறைக்கச் சொல்வார். மாப்பிள்ளையின் தமக்கை வந்து, தன் புடவை வீடியோவில் போதுமான அளவு விழவில்லை என்பார். எனக்கு இரத்தம் கொதிக்கும். அக்கா எல்லோருக்கும் "ஓம்" என்பார். சொன்னதில் நல்லது இருந்தால் செய்வார். இல்லாவிட்டால் மறந்துவிடுவார். வீடியோவைப் பார்த்து அழுதுமுடித்த பிறகு, தான் என்ன சொன்னேன் என்பது எந்தத் தாய்க்கும் ஞாபகம் இருக்காது.

செத்த வீடு என்றால் அதைவிட மோசம். இங்கே சவப்பெட்டி, பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில். ஆகவே நேரலை. கனடாவிலிருந்து ஒருவர், பாரிஸிலிருந்து ஒருவர் என்று ஃபோனுக்குள்ளிருந்து கமராவைத் திருப்பச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். மரியதாஸ் அண்ணனை நாங்கள் அறிந்தது அப்படித்தான். தலைமன்னாரில் அவருடைய தாய் இறந்துபோனார். அவர் டொரொண்டோவில் இருந்தார். அங்கே இருப்பதற்கான பேப்பர் சரிவராததால் வர முடியவில்லை. வராவிட்டால் என்ன, முழுச் செத்த வீட்டையும் அங்கிருந்தே நடத்தினார். பூவைத் தள்ளி வை, முகத்தை மறைக்கிறது. சின்னக்காவைக் காட்டு. அந்தக் கதிரையில் இருப்பவன் யார், ஏன் சிரிக்கிறான். பாதர் செபம் சொல்கிற அமைதியில், "லெஃப்ட் தங்கச்சி, லெஃப்ட்" என்று ஃபோன் சத்தம் போட்டது. பாதரே கொஞ்சம் இடதுபக்கம் தள்ளி நின்றார்.

பிறகு அவருக்குப் பேப்பர் சரிவந்தது, இரண்டு சாப்பாட்டுக் கடையும் வந்தது. ஒருநாள் அவரே ஃபோன் எடுத்து, தங்கச்சி ஒரு படம் எடுங்கோ, செலவை நான் பார்க்கிறேன் என்றார். நான் கடைக்குள் துள்ளினேன். அக்கா கதையைச் சொன்னார். கருவாடு விற்கிற ஒரு பெண், வாகனம் அடித்துவிட்டுப்போன கழுதை ஒன்றைக் காண்கிறாள். எங்கள் ஊரில் கழுதைகள் றோட்டில் படுப்பதும் அடிபடுவதும் புதினமே இல்லை. அவள் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து காலுக்குக் கட்டுப்போடுகிறாள். வீடு சிரிக்கிறது, ஊர் சிரிக்கிறது. அவள் விடவில்லை. கழுதை தேறுகிறது. தேறிய அன்று கயிற்றை அவிழ்த்துவிடுகிறாள். அது போகிறது. திரும்பிப் பார்க்கவில்லை. அவ்வளவுதான் கதை. நல்லது, எடுங்கோ என்றார் மரியதாஸ் அண்ணன்.

கருவாட்டுக்காரியாக நடித்தது சிவராணி. நடித்தது என்ன, அவள் கருவாட்டுக்காரியேதான். சந்தையில் விலை சொல்கிற குரலிலேயே வசனம் பேசினாள். கழுதையும் சந்தைக் கழுதைதான். கேட்காமல் வரும், கிடைத்ததைத் தின்னும், சொல்லாமல் போகும். அதனால் சந்தைப் பெண்கள் அதற்கு "மாப்பிள்ளை" என்று பெயர் வைத்திருந்தார்கள்.

படப்பிடிப்பு தொடங்கி இரண்டு கிழமை போகவில்லை, மரியதாஸ் அண்ணன் அங்கே ஒரு கொமிட்டி அமைத்துவிட்டார். இன்னும் கொஞ்சம் பணம் போட்ட சிநேகிதர்கள் நாலு பேர். ஒருவர் கூரை போடுகிறவர், ஒருவர் வீடு விற்கிறவர். மற்ற இருவர் என்ன செய்கிறார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் நால்வருக்கும் சினிமா தெரியும். எடுத்த காட்சிகளை ஃபோனில் பார்த்துவிட்டு, வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று குரல்பதிவு அனுப்புவார்கள். கழுதையை மாடாக்க முடியாதா? சிவராணி கொஞ்சம் இளமையாக இருக்கக்கூடாதா? ட்ரோன் எங்கே? பாட்டு எங்கே? வீடு விற்கிறவரின் மருமகள் நன்றாகப் பாடுவாளாம்.

"அக்கா, கழுதைக்குத் தெரியுமோ கற்பூர வாசனை?" என்றேன் நான்.

"எங்கட மாப்பிள்ளையை ஏன் இதுக்குள்ள இழுக்கிறாய்?" என்றார் அக்கா.

அவர் விட்டுக்கொடுத்தார். அதைப் பார்க்கத்தான் என் வயிறு எரிந்தது. ட்ரோன் பறந்தது. உண்மையைச் சொன்னால், அந்தத் தீவு இரண்டு கடலுக்கு நடுவில் கிடக்கிற கிடையைப் பார்த்ததும் எனக்கே வாய் அடைத்துப்போனது. மருமகளின் பாட்டும் வந்தது, மீன் சந்தையில் யாரோ வைத்த ரேடியோவிலிருந்து, சிவராணி கருவாட்டு விலை கத்துகிற சத்தத்துக்குக் கீழே. அது நன்றாகவே பொருந்தியது. எல்லாவற்றையும் வாங்கி வாங்கித் தன் படத்துக்குள் எங்கேயோ ஒரு மூலையில் வைத்தார் அக்கா. முடிவில் மட்டும் ஒருவரையும் கைவைக்க விடுவதில்லை என்றிருந்தார்.

அந்த முடிவை எடுத்த காலையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். மன்னார்த் தாம்போதியின் தொடக்கத்தில் கமரா. முன்னால் நேர் றோட்டு, இரண்டு பக்கமும் தண்ணீர். மாப்பிள்ளையை லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தோம். ஒரு தரம்தான் எடுக்கலாம். கழுதையிடம் போய் இன்னொரு தரம் நட என்று யார் சொல்வது? அக்கா தலையை ஆட்டினார். சிவராணி கயிற்றை அவிழ்த்தாள். மாப்பிள்ளை காதை ஆட்டிவிட்டு நடந்தது. எனக்கு நெஞ்சு அடித்த அடி மைக்கில் பதிந்துவிடுமோ என்று பயந்தேன். திரும்பாதே, திரும்பாதே, மாதாவே, அதைத் திரும்பவிடாதே. எதிரே வந்த பஸ் ஒன்று மெதுவாகி, ஒதுங்கி, எங்களைக் கடந்து போனது. கழுதை நடந்தது. "போ ராசா" என்றாள் சிவராணி. அது வசனத்தில் இல்லை. அவள் வெறுங்கயிற்றோடு நிற்க, கழுதை ஒரு புள்ளியாகி, வெயிலில் ஆடி, இல்லாமல் போனது. அக்கா அப்போதுதான் மூச்சு விட்டார். நாலு நிமிடத்துக்குக் கிட்ட ஒரே ஷொட். நாங்கள் மூவரும் றோட்டிலேயே கட்டிப்பிடித்துக்கொண்டோம். பிறகு லாண்ட்மாஸ்டரை எடுத்துக்கொண்டு கழுதையைத் தேடி ஓடினோம்.

கொமிட்டி அதைப் பார்த்துவிட்டுக் குதித்தது. நாலு நிமிடம் கழுதையின் பின்பக்கத்தை யார் பார்ப்பது? கழுதை திரும்பி வரவேண்டும். வந்து அவளோடு ஒட்டிக்கொண்டு நிற்கவேண்டும். சனம் அழவேண்டும். அக்கா "ஓம்" என்றார், மாற்றவில்லை. ஆனால் இது கல்யாண வீடு அல்ல. காசு போட்டவருக்கே படம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. கையெழுத்தும் அக்காவுடையதுதான்.

தலைமன்னாரில் முதல் காட்சி என்று நாள் குறித்தார்கள். அன்று காலை மரியதாஸ் அண்ணன் நேரிலேயே கடைக்கு வந்தார். வெள்ளைச் சப்பாத்து, கைநிறையச் சொக்லேட், சட்டைப்பையில் ஒரு பென் டிரைவ். அங்கே ஒரு பெடியனைக் கொண்டு முடிவை மாற்றி எடிட் செய்துவிட்டார்களாம். மற்றதெல்லாம் அக்காவின் படமேதான், கடைசி மட்டும் வேறு. போட்டுப் பாருங்கோ என்றார்.

போட்டோம். கயிறு அவிழ்கிறது, கழுதை இரண்டு எட்டு போகிறது. மருமகளின் பாட்டு முழங்குகிறது. அடுத்து கழுதை நேரே கமராவைப் பார்த்து வருகிறது. படத்தின் நடுவில் நாங்கள் எடுத்த காட்சி ஒன்றை வெட்டி இங்கே ஒட்டியிருந்தார்கள். எல்லாம் சரி, கழுதையின் காலில் கட்டு இருந்தது.

சிவராணியும் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் அவிழ்த்த கட்டை ஆர் திருப்பிக் கட்டினது?" என்று கேட்டாள்.

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரித்திருக்கக்கூடாது. மரியதாஸ் அண்ணனின் முகம் சிவந்துவிட்டது. சனம் அதையெல்லாம் கவனிக்காது என்றார். தன் காசு, தன் சிநேகிதர்களின் காசு, தாங்கள் ஒன்றும் தெரியாத ஆட்கள் இல்லை என்றார். இன்றைக்கு இதுதான் ஓடும் என்றார். நான் வாயைத் திறந்தேன். அக்கா கையைக் காட்டி என்னை நிறுத்தினார். தன் முடிவைப் போட்டார்.

கழுதை நடந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது எப்ப தங்கச்சி முடியும்?" என்றார் மரியதாஸ் அண்ணன்.

"அண்ணா, அம்மான்ர பெட்டியைத் தூக்கினவுடன நான் லைவை நிப்பாட்டப் போனனான். அடக்கம் செய்யிற சேமக்காலைக்குள்ள கமரா வேண்டாமெண்டு பாதர் சொல்லிப்போட்டார். நீங்கள்தான் சொன்னனீங்கள், நிப்பாட்டாதை தங்கச்சி, மறையுமட்டும் பிடி எண்டு."

அவர் திரும்பி அக்காவைப் பார்த்தார்.

"நான் றோட்டில நிண்டு பிடிச்சுக்கொண்டிருந்தனான். நேர் றோட்டு. கன நேரம் போச்சுது. அதுவரைக்கும் லெஃப்ட், றைட் எண்ட நீங்கள் அதுக்குப் பிறகு ஒரு சொல்லுக் கதைக்கேல்லை. போறதை எப்பிடி எடுக்கிறதெண்டு எனக்கு அண்டைக்குத்தான் விளங்கினது. இந்த ஷொட்டை எனக்குச் சொல்லித் தந்தது நீங்கள்தான்."

அன்று நான் குடை பிடித்துக்கொண்டு அக்காவுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கு இது ஒன்றும் தெரியவில்லை. ஆள் இப்போதாவது வாயை மூடினானே என்றுதான் நான் அப்போது நினைத்தேன்.

மரியதாஸ் அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அக்காவின் முடிவு இருந்த பென் டிரைவையும் கேட்டு வாங்கி, இரண்டையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு, கிரவுண்டில் சந்திப்போம் என்று போய்விட்டார்.

எது ஓடப்போகிறது? அன்று பின்னேரம் முழுக்க நான் அதை நூறு தரம் கேட்டேன். அக்கா நூறு தரமும் தெரியாது என்றார். கிரவுண்டில் திரை கட்டி, பாய் விரித்து, பொழுதுபட முன்னரே சனம் நிறைந்துவிட்டது. கரைவலைக்காரர், ஸ்டேசன் ஆட்கள், பள்ளிப் பிள்ளைகள், பேசாலையிலிருந்து லொறி பிடித்து வந்தவர்கள். படம் காட்டும் அப்துல் றசாக் லாப்டொப்போடு மேசையில் இருந்தார். மரியதாஸ் அண்ணன் எதைக் கொடுத்தார் என்று அவரைக் கேட்டேன். ஒரு பென் டிரைவ் தந்தார், அதற்கு என்ன என்றார் அவர். முன்வரிசைக் கதிரையில் மரியதாஸ் அண்ணன். அவர் கையில் ஃபோன், ஃபோனுக்குள் கொமிட்டி.

படம் தொடங்கியது. சிவராணி விலை சொல்லச் சனம் ஆர்ப்பரித்தது. ட்ரோனில் தங்கள் ஊரைக் கண்டு எழுந்து நின்றார்கள். கழுதை மருந்தைத் தட்டிவிட்ட இடத்தில் விசில் பறந்தது. சிரிக்கத்தான் வந்திருந்தார்கள், சிரித்தார்கள். கட்டை அவிழ்க்கிற இடத்தில் யாரும் சிரிக்கவில்லை. அக்கா திரைக்குப் பக்கவாட்டில், சனத்தைப் பார்த்தபடி நின்றார். திரையைப் பார்க்கவே இல்லை. நான் அவர் கையைப் பிடித்திருந்தேன்.

கயிறு அவிழ்ந்தது. கழுதை ஒரு எட்டு வைத்தது, இரண்டாம் எட்டு வைத்தது. நான் பாட்டுக்காகக் காத்திருந்தேன். பாட்டு வரவில்லை. மூன்றாம் எட்டு. நான் அக்காவின் கையை நசுக்கிவிட்டேன்.

கழுதை நடந்தது, பஸ் ஒதுங்கியது. "போ ராசா" என்றாள் திரையில் சிவராணி. பாயிலிருந்த சிவராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கழுதை சிறுத்தது. இன்னும் சிறுத்தது. வெயிலில் அது ஒரே இடத்தில் நிற்பது போலவே இருந்தது. பின்னாலிருந்து ஒரு குரல், "படம் இறுகிப்போச்சு" என்றது. அப்துல் றசாக்கும் அப்படித்தான் நினைத்தார். பதறிப்போய் லாப்டொப்பில் கை வைக்கப் போனார்.

மரியதாஸ் அண்ணன் ஓடினார். அந்த வெள்ளைச் சப்பாத்தோடு பாய்களை மிதித்து, பிள்ளைகளைத் தாண்டி, அவ்வளவு பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினார். கதிரையில் மல்லாந்து கிடந்த ஃபோனுக்குள் கொமிட்டி வானத்தைப் பார்த்து "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்தது. அவர் போய் அப்துல் றசாக்கின் கையை எட்டிப் பிடித்துவிட்டார்.

"நிப்பாட்டாதேங்கோ. மறையுமட்டும் போகட்டும்."

அது மறைந்தது. பிறகு சனத்தின் கைதட்டல் துறைமுகம் வரைக்கும் கேட்டிருக்கும். நானும் கத்தினேன். இருந்த கொஞ்சத் தொண்டையும் அன்றோடு போயிற்று. அக்கா மட்டும் இப்போதும் திரையைப் பார்க்கவில்லை. மரியதாஸ் அண்ணனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். திரை இருண்டு, லைட் போட்டு, பிள்ளைகள் பாய் சுருட்டத் தொடங்கிய பிறகும் அண்ணன் அப்துல் றசாக்கின் கையை விடவில்லை.