வெட்டாமல் விட்ட காய்

ஹென்னிங்குக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். ஜெர்மனியின் பிரேமன் நகரத்தில் இருபத்திரண்டு வருடமாக டிராம் ஓட்டுகிறவன். தண்டவாளத்தில் காரை நிறுத்திவிட்டு ரொட்டி வாங்கப் போகிறவர்களைத் திட்டித் திட்டியே குரல் கரகரத்துப் போனவன். அப்பேர்ப்பட்டவன் அந்த வாரம் முழுக்க வாயை மூடிக்கொண்டு, ஒன்பது வயது மகள் வீப்காவிடம் ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

எல்லாம் திங்கட்கிழமையை நினைத்துத்தான். அன்றைக்கு நீதிபதி அவளைத் தனியாகக் கூப்பிட்டு, ஒரு வாரம் அப்பா வீடு, ஒரு வாரம் அம்மா வீடு என்று இப்போதுள்ள ஏற்பாடே தொடர உனக்குச் சம்மதமா என்று கேட்கப்போகிறார். அவனை விட்டுப் பிரிந்துபோன சில்கெ, மகளை மொத்தமாகத் தன்னோடு வைத்துக்கொள்ளப் பார்க்கிறாள். இந்த நேரம் பார்த்தா பிள்ளைக்குத் தொண்டை வீங்கிக் காய்ச்சல் வரவேண்டும்! டாக்டரிடம் சீட்டு வாங்கிக் கொடுத்து லீவு போட்டுவிட்டு வீட்டில் கிடந்தான்.

"இந்த டீ கசக்குது."

"சோம்பு டீ கசக்காதும்மா."

"உன் வீட்டுல கசக்குது."

வெள்ளிக்கிழமை, சில்கெ வந்து கூட்டிப்போக வேண்டிய நாள். மத்தியானம் ஹென்னிங் சாப்பாட்டு மேசையில் பலகையை விரித்தான். 'மனுஷா, கோவிச்சுக்காதே' என்று, தாயம் போலப் பகடை உருட்டி ஆடும் அந்த ஆட்டத்துக்குப் பெயர். பெயரைப் பாருங்கள்! அதை விரித்து, கோபப்படாமல் எழுந்த வீடு இந்த நாட்டில் எங்கேயாவது உண்டா? போதாததற்கு ஹென்னிங் வீட்டில் ஒரு சட்டம் வேறு: வெட்ட வழியிருந்தால் வெட்டியே ஆகவேண்டும், வெட்டாதவன் காய் வெளியே. நாலு வயதில் அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான்.

அவனுக்கு நாலு விழுந்தது. நாலாவது கட்டத்தில் அவளுடைய மஞ்சள் காய். ஹென்னிங் வேறொரு காயை நகர்த்தினான்.

"நீ வெட்டல" என்றாள் வீப்கா.

"கவனிக்கலம்மா."

"பொய்! திங்கக்கிழமைக்காகத்தானே? எனக்கு ஐஸ் வைக்கிறியா?" அவனுடைய சிவப்புக் காயைப் பிடுங்கி வெளியே வைத்தாள். "எக்கார்ட் இப்படித்தான் விட்டுக்கொடுப்பாரு. நீயும் அவரை மாதிரி ஆயிட்டே. ரெண்டு பேருமே வேண்டாம்."

எக்கார்ட், சில்கெயோடு இப்போது இருப்பவர். ஹென்னிங்கின் காது இரண்டும் சிவந்துவிட்டன.

"ஆமா, அதுக்காகத்தான்! போதுமா? போடு பகடையை!"

அதன்பிறகு அங்கே நடந்தது விளையாட்டே இல்லை. இருவரும் பகடையை மேசைமேல் அறைந்தார்கள். காய்ச்சல்காரி அவனை நாலு தடவை வெட்டினாள், ஒவ்வொரு வெட்டுக்கும் "தொலைஞ்சு போ!" என்று கத்தினாள். அவளுடைய மூன்று காய் பழமாகி, நாலாவது பழமாக இன்னும் ஒரே கட்டம் இருந்தபோது ஹென்னிங்குக்கு மூன்று விழுந்தது. வெட்டினான்.

"உன்னை எனக்குப் பிடிக்கவே இல்லை!" தொண்டை வலியையும் மறந்து வீப்கா அலறி அழுத நேரத்தில் வாசல் மணி அடித்தது.

சில்கெ உள்ளே வந்து ஒரே பார்வை பார்த்தாள். "உடம்பு சரியில்லாத பிள்ளையை அழ வச்சிருக்கே. திங்கக்கிழமை இதையும் சொல்லுவேன், ஹென்னிங்."

"அப்பா என்னை வெட்டிட்டாரு!"

"விடுடா செல்லம். வீட்டுல எக்கார்டோட ஆடு, நீ ஜெயிப்பே."

"எக்கார்டோட ஆடினா எப்பவும் நான்தான் ஜெயிப்பேன். அது ஒரு ஆட்டமா?" ஷூவை மாட்டிக்கொண்டு, மூக்கைக் கையால் துடைத்தபடி வீப்கா அப்பா பக்கம் திரும்பினாள். "பலகையைத் தொட்டே, அவ்வளவுதான். எந்தக் காய் எங்க நிக்குதுன்னு எனக்குத் தெரியும். அடுத்த வெள்ளிக்கிழமை வந்து உன்னை ஒழிச்சுக்கட்டுறேன்."

சில்கெ மகளின் பையை எடுத்துக்கொண்டாள்.

அந்த வீட்டில் இருப்பது ஒரே ஒரு மேசை. அடுத்த வெள்ளி வரை ஹென்னிங் அடுப்பங்கரையில் நின்றுகொண்டே சாப்பிட்டான்.