என் கதையில் அவள் மூன்று நாள் காத்திருந்தாள்

என் கதையைக் கெடுத்தவர் நீங்கள். தொகுப்பாசிரியர் என்று அட்டையில் போட்டுக்கொண்ட நீங்கள்தான்.

பறக்கும் படகில் சுற்றும் சிறுமியின் கதைப் புத்தகங்களைப் பள்ளி நாளிலிருந்து படிக்கிறேன். அவள் போகாத ஊர்களுக்கு அவளை அனுப்பி வாசகர்கள் சிறுகதை எழுதலாம், தொகுத்துப் புத்தகமாகப் போடுவோம் என்று நம் வாசகர் வாட்ஸப் குழுவில் அறிவித்தீர்கள். நான் அவளைப் பழவேற்காட்டுக்குக் கூட்டி வந்தேன். டச்சுக்காரர் கோட்டையில் இருந்த காலம். பசியோடு மீன் பிடிக்க ஏரியில் இறங்கியவளிடம் எங்கள் மீனவர்கள், "இன்னைக்கு உன் பாடு இல்ல" என்கிறார்கள். கோட்டைச் சிப்பாய் சிபாரிசுக்கு வந்தும் அசையவில்லை.

ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்று சீட்டுக் குலுக்கி முடிவு செய்வோம். அந்த முறைதான் பாடு. என் கதையில் அவள் மூன்று நாள் காத்திருந்தாள். கிழிந்த வலையைத் தைத்தாள், கொடுத்த கஞ்சியைக் குடித்தாள், நான்காம் நாள் தன் முறை வந்ததும் வலை போட்டாள். கதையே அதுதான்.

புத்தகம் வந்ததும் பிரித்துக்கூடப் பார்க்காமல், எங்கள் ஊரான பசியாவரத்தில் வலை தைக்கும் இடத்துக்கு எடுத்துப் போனேன். ஒரு மாதமாகப் பீற்றிக்கொண்டிருந்தேன் அல்லவா? அண்ணி சத்தமாகப் படித்தாள். அச்சில் அந்தச் சிறுமி காத்திருக்கவில்லை. அடுத்தவர் முறையில் மந்திர வலை வீசி மீனையெல்லாம் அள்ளினாள். ஊர் அவளுக்கு மாலை போட்டது. கீழே என் பெயர்.

"இன்னாம்மா, அடுத்தவன் பாட்டுல பூந்தவளுக்கு மாலையா?" என்றார் பக்கத்து வீட்டு மாமா. "நைனா சீட்டு குலுக்குவாரு, பொண்ணு பறந்து வந்து அள்ளிக்கினு பூடும். ஷோக்கா கீது!"

எல்லோரும் சிரித்தார்கள். ஊருக்குச் சீட்டுக் குலுக்குபவர் என் நைனா. அவர் சிரிக்கவில்லை.

"நீயா எழுதின?"

"இல்ல நைனா, மாத்திட்டாங்க."

"பேரு உன்துதான போட்டுகீது?"

அடுத்த சீட்டு நாளில், "வேற யாராவது குலுக்குங்கப்பா" என்று ஒதுங்கி உட்கார்ந்துவிட்டார். இருந்து குலுக்கச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை.

உங்களுக்குப் போன் செய்தேன். "கதாநாயகி க்யூவுல நின்னா பசங்களுக்கு போரடிக்கும்மா. சின்ன மாற்றம்தானே?" என்றீர்கள்.

தனியாக நீங்கள் கேட்கும் மன்னிப்பு எனக்கு வேண்டாம். அதை நைனா ஊரில் யாரிடம் காட்டுவார்? எல்லோரும் படிக்கும் அதே குழுவில், உங்கள் பெயர் போட்டு எழுதுங்கள். அவளைத் திருட வைத்தது யார்? நானா, நீங்களா?